செங்காந்தள்: பாதி ஆண்டு மண்ணுக்குள் தூங்கும் பூவை வீட்டில் வளர்ப்பது

முதல் செங்காந்தளை நான் கொன்றது தண்ணீர் ஊற்றித்தான். தை மாதம் கொடி மஞ்சளாகிச் சரிந்தது. வாடுகிறது போலிருக்கிறதே என்று காலையும் மாலையும் ஊற்றினேன். மாசியில் பொறுமை போய், களைக்கொத்தை எடுத்துத் தோண்டிப் பார்த்தேன். கிழங்கின் ஒரு கை கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. மறுகை கல்போல இருந்தது. ஆனால் அதன் நுனி கொத்து பட்டு முறிந்து மண்ணோடு வந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்கான முளை அந்த நுனியில் மட்டும்தான் இருக்கும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கொடி அப்போது சாகவில்லை, தூங்கப் போயிருந்தது. ஆடியில் நட்டால் கார்த்திகை வரை பூத்து, தையில் காய் முற்றி, அதன்பின் மேலே ஒரு தழைகூட இல்லாமல் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும் செடி இது. பூக்க வைப்பது அவ்வளவு கடினமில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்து மாதங்கள் அதைச் சும்மா விட்டுவைப்பதுதான் கடினம். எனவே இந்த வழிகாட்டியில் நடவை விடத் தூக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். அங்கே அந்தப் பெயருக்குப் பூவைத் தாண்டிய கனம் உண்டு. விவசாயிகளிடம் செங்காந்தள் என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். கண்வலிக்கிழங்கு என்று சொல்லுங்கள், உடனே தெரியும். கிழங்கு கலப்பை வடிவில் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் தானாக முளைத்துப் பூக்கும் காட்டுக்கொடிதான். தோட்டச் செடியாக நினைத்து அதிகம் சீராட்டினால் அதற்குப் பிடிக்காது.

நஞ்சைப் பற்றி முதலில்

இந்தச் செடியின் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் அதற்குக் காரணம். யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு மருந்தாகும் அதே பொருள்தான். அதற்காகத்தான் விதைகள் ஏற்றுமதியாகின்றன. ஆனால் மருந்தின் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கிழங்கைப் பார்த்தால் வள்ளிக்கிழங்கு போலத்தான் இருக்கும். அப்படித் தவறுதலாக அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் பிள்ளை இருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுங்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. ஆடு மாடு மேயும் வேலியிலும் வேண்டாம். கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உருளைக்கிழங்குக் கூடையின் அருகில் ஒரு பை கிடந்தால் அது எப்போதாவது குழம்பில் விழும். கிழங்கையோ விதையையோ தொடும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். சித்த மருத்துவத்தில் இதன் நஞ்சை நீக்கும் சுத்தி முறை உண்டு என்று கேள்விப்பட்டு வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். யாராவது தவறித் தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறிகள் தெரியவே சில மணி நேரம் ஆகும். அதற்குள் நஞ்சு தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

இவ்வளவையும் படித்த பிறகும் வளர்க்க விருப்பம் இருந்தால் மேலே போகலாம்.

பூவை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள்

மொட்டு தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, தீ எரிவதுபோல் மேல்நோக்கி நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். கடைசியில் முழுதும் செம்மை. ஒரே கொடியில் மூன்று நிலைகளையும் ஒரே காலையில் பார்க்கலாம். பெண்களின் விரல்களுக்குச் சங்கப் புலவர்கள் ஏன் இதை உவமை சொன்னார்கள் என்பதை விளக்கவே தேவையிருக்காது.

இப்போது பூவின் கீழே பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலச் சுற்றிலும் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஒடித்துவிட்டதுபோல் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். தேன் இதழ்களின் அடியில். பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகடித்தபடி தேனை உறிஞ்சும்போது, விரிந்து நிற்கும் மகரந்தப் பைகளில் அதன் சிறகு உரசும். உடம்பைவிடச் சிறகில்தான் மகரந்தம் அதிகம் ஏறுகிறது. அந்தச் சிறகு அடுத்த கொடியின் சூல்முடியில் பட்டால் காரியம் முடிந்தது. தேன்சிட்டுகளும் வரும். தேனீக்கள் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் சூல்முடி தள்ளி ஒதுங்கி நிற்பதால், சிறிய தேனீ பல நேரம் அதைத் தொடாமலேயே கிளம்பிவிடும். பூவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பூவுக்கு உதவுகிறவர்கள் இல்லை என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நடவின்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கொடி மட்டும் இருந்தால் பூச்சி வரும், விதை சரியாகப் பிடிக்காது. இரண்டு மூன்று கொடிகளாவது அருகருகே வேண்டும்.

கிழங்கு எங்கே வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது

காட்டிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள், தோண்டி விற்பவரிடமும் வாங்காதீர்கள். பல இடங்களில் இது அருகிப்போனதற்குக் கிழங்குக்காகத் தோண்டியதும் ஒரு காரணம். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் இதை விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். நடவுக் காலத்துக்கு முன் விதைக்கிழங்கு அவர்களிடம் கிடைக்கும். நல்ல நாற்றுப்பண்ணைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

கிழங்கு ஆங்கில எழுத்து 'வி' அல்லது 'எல்' வடிவில் இரண்டு கைகளோடு இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கில் இருப்பதுபோல உடம்பெல்லாம் கண் கிடையாது. வாங்கும்போது எடையைப் பார்ப்பதற்கு முன் நுனியைப் பாருங்கள். நுனி முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் வீண். நுனி சரியாக இருந்தால் அடுத்து எடை. ஒரு கை 50 கிராமுக்கு மேல் இருந்தால் அந்த ஆண்டே பூக்கும் என்று நம்பலாம். சுண்டுவிரல் அளவுக் கிழங்கு முதல் ஆண்டு வெறும் இலையோடு நின்றுவிடலாம். சுருங்கியது, அழுத்தினால் குழைவது, பூசணம் பிடித்தது வேண்டாம்.

இரண்டு கைகளும் சேரும் மூட்டில் மெதுவாகப் பிரித்தால் இரண்டு நடவுத் துண்டுகள் கிடைக்கும். பிரித்த காயம் ஆற இரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள். சுண்ணாம்புக்கட்டிபோல் சட்டென்று ஒடியும் பொருள் இது. பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தால் பாதி நுனி போய்விடும். வைக்கோல் அல்லது செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

மண்

நீர் தேங்காத மண் என்பதுதான் ஒரே நிபந்தனை. மணல் கலந்த செம்மண் கிடைத்தால் பிரச்சினையே இல்லை. கார அமிலநிலை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் போதும். கரிசலோ களியோ என்றால் முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தியை மேடாக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்து நடுங்கள். ஒரு குழி வெட்டி ஒரு குடம் நீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நீர் நிற்கிறது என்றால் அந்த இடம் இதற்கு ஆகாது.

தொட்டியில் வைப்பவர்கள் ஒரு அடிக்கு மேல் ஆழமும் அகலமும் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு. மக்காத சாணம் போட்டால் கிழங்கு அழுகும். எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரப்பதத்தோடு வைத்திருந்து போடுவது அழுகலுக்கு நல்ல தடுப்பு. வயலில் விதைக்கிழங்கைப் பூசணக்கொல்லி மருந்தில் நனைத்து நடுவார்கள். நாலைந்து கிழங்குக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

கொழுகொம்பை முதலில் ஊன்றுங்கள்

பலரும் கிழங்கை நட்டுவிட்டு, கொடி வந்த பிறகு கம்பு ஊன்றுவார்கள். அந்தக் கம்பு நேராகப் போய்க் கிழங்கில் இறங்கும். நானும் இறக்கியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம் கம்பின் தடிமன். செங்காந்தள் அவரைபோல் தன் தண்டால் கம்பைச் சுற்றிக்கொண்டு ஏறாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுருள் ஒரு மோதிரத்தைவிடச் சிறியது. தடித்த மூங்கிலையோ குழாயையோ அதனால் பிடிக்க முடியாது. பென்சில் பருமனுக்கும் குறைவான குச்சிகள், மெல்லிய கம்பி வலை, சணல் கயிறு, கிளைகளோடு வெட்டிய காய்ந்த மிலாறு ஆகியவை ஏற்றவை. வயல்களில் கிளுவை, விராலி போன்ற செடிகளை உயிர்வேலியாக வைத்து அவற்றின்மேல் படர விடுவார்கள். வீட்டில் கிளுவை வேலி இருந்தால் அதன் அடியிலேயே நட்டுவிடுங்கள், வேறு பந்தல் வேண்டாம். வேர்ப்பகுதிக்கு வேலியின் நிழலும் கிடைக்கும், தலைக்கு வெயிலும் கிடைக்கும்; இந்தக் கொடிக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். ஆள் உயரத்துக்கும் மேலே ஏறும், அதற்கேற்ற உயரம் கொடுங்கள்.

நடவு

ஆடி மாதம் சரியான காலம். ஆனி கடைசியில் நல்ல மழை கிடைத்தால் அப்போதே நடலாம். நான்கு விரல் ஆழத்துக்குக் குழி பறித்து, கிழங்கைப் படுக்கவைத்து, முளை நுனி சற்றே மேல்நோக்கி இருக்குமாறு சாய்த்து, மண்ணை விரலால் தள்ளி மூடுங்கள். மிதிக்காதீர்கள். ஒரு முழ இடைவெளியில் அடுத்தது. ஒருமுறை நீர் விட்டபின் முளை தெரியும் வரை ஈரம் காயாத அளவு போதும்.

முளைக்க இரண்டு வாரமும் ஆகலாம், ஐந்து வாரமும் ஆகலாம். பக்கத்தில் நட்டது வந்துவிட்டதே, இது ஏன் வரவில்லை என்று விரலை விட்டுத் துழாவாதீர்கள். ஈட்டி முனைபோல் வெளியே வரும் முளை, தொட்டால் ஒடியும். ஒடிந்தால் அந்த ஆண்டு போயிற்று, மாற்று முளை கிடையாது. கோழி வளர்ப்பவர்கள் இந்த ஒரு மாதம் மட்டுமாவது முள்ளோ கூடையோ போட்டு மூடுங்கள்.

வளர்ச்சிக் காலம்

மழை இல்லாத வாரத்தில் இரண்டு முறை நீர். மண்ணை ஒரு அங்குலம் கிளறிப் பார்த்து ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். நட்ட ஒரு மாதத்திலும் இரண்டு மாதத்திலும் கைப்பிடி மண்புழு உரம் தூரைச் சுற்றித் தூவலாம். யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ குறையும். களையைக் கையால் பிடுங்குங்கள். களைக்கொத்து வேண்டாம், அதன் கதையைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஐப்பசி அடைமழையில் இலையில் பழுப்புப் புள்ளிகள் பரவினால் அந்த இலைகளை எடுத்து அப்புறப்படுத்தி, கொடிகளுக்கு இடையே காற்றோட்டம் கொடுங்கள். கொடி பச்சையாக இருக்கும்போதே தூரில் திடீரென்று வாடிச் சாய்ந்தால் கிழங்கு அழுகுகிறது என்று பொருள். அதை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த ஆண்டு நடாதீர்கள்.

புழு

கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் சிவப்புத் திட்டுகளும் கொண்ட புழு ஒன்று ஒருநாள் காலையில் கூட்டமாகத் தெரியும். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் தண்டு மட்டும் மிஞ்சும். எல்லோரையும் கொல்லும் நஞ்சு இதை ஒன்றும் செய்யாது. இந்தக் கொடியையும் லில்லி வகைச் செடிகளையும் தின்று வாழவே பிறந்தது.

அதிகாலையில் கையுறையோடு பொறுக்கிச் சோப்பு நீரில் போடுவதுதான் சிறந்த வழி. நிறைய இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல்: ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். பூ விரியத் தொடங்கிய பிறகு அதையும் நிறுத்திவிடுங்கள். வண்ணத்துப்பூச்சிக்காகச் செடி வைத்துவிட்டுப் பூவில் மருந்தடிப்பது விருந்துக்கு அழைத்துவிட்டு இலையில் மண்ணைப் போடுவது போன்றது. அந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியும், கறுப்பில் சிவப்பும் மஞ்சளும் தெளித்த அழகான உயிர்தான். நான் இப்போது ஓரத்துக் கொடி ஒன்றை அதற்கு விட்டுவிடுகிறேன். மற்றவற்றில் இருந்து பொறுக்கும் புழுக்களையும் அங்கே கொண்டுபோய் விடுகிறேன். வீட்டில் இதைக் கேலி செய்கிறார்கள்.

பூக்காலமும் விருந்தாளிகளும்

முளைத்து ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் பூ. அதன்பின் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து வரும். ஆனால் இந்தக் கொடி ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் விருந்து வைக்கும். மீதி நாளுக்குத் தோட்டத்தில் வேறு ஏதாவது இல்லையென்றால் பூச்சிகள் உங்கள் வீட்டு வழியையே மறந்துவிடும். வேலியோரம் ஆவாரை, மழைக்காலத்துக்குத் தும்பை, ஆண்டு முழுக்க ஒரு இட்லிப்பூச் செடி. இவை இருந்தால் சங்கிலி அறாது.

தேன் மட்டும் போதாது, முட்டையிடவும் இடம் வேண்டும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தைத் தழைகளைத் தின்று வளர்பவை. சிறகால் மகரந்தம் ஏற்றும் வேலைக்குப் பொருத்தமான உடலமைப்பும் இவற்றுக்குத்தான். எனவே கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் புழுவை நசுக்காதீர்கள். செங்காந்தளுக்கு வரப்போகும் விருந்தாளி அது.

பூச்சி குறைவான இடத்தில், குறிப்பாக மாடியில், கையாலும் மகரந்தம் சேர்க்கலாம். விதைக்காகப் பயிரிடுபவர்கள் செய்வதும் இதைத்தான். காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், மென்மையான ஓவியத் தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தைத் தொட்டு, வேறொரு கொடிப் பூவின் மூன்று பிரிவுச் சூல்முடியில் தடவுங்கள்.

காய்

பிடித்த காய் பச்சையாக நீண்டு தொங்கும். தோல் சுருங்கி நிறம் மங்கும்போது பறித்து நிழலில் காயவைத்தால் மூன்று பாகமாகப் பிளந்து செக்கச்செவேலென்ற விதைகள் தெரியும். பாசிமணி போலிருக்கும்; பிள்ளைகள் கோக்கக் கேட்பார்கள். நஞ்சைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். விதை தேவையில்லை என்றால் பூ வாடியதும் காயைக் கிள்ளிவிடுவதே பாதுகாப்பு, கிழங்கும் கொழுக்கும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். மேல்தோலை நீக்கி, ஒரு இரவு ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால், சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஒவ்வொன்றாக, தம் இஷ்டத்துக்கு முளைக்கும். பூக்க மூன்று நான்கு ஆண்டு. அவசரம் இல்லாதவர்களுக்கு.

தூக்கம்

தை பிறக்கும்போது இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். அன்றிலிருந்து நீரைக் குறைத்து, கொடி பாதி காய்ந்ததும் முற்றிலும் நிறுத்துங்கள். பச்சையாக இருக்கும்போது அறுக்க வேண்டாம். இலையில் இருக்கும் சத்தெல்லாம் இப்போதுதான் கீழே இறங்குகிறது. ஆடியில் நட்ட பழைய கிழங்கு இதற்குள் வற்றிச் சக்கையாகியிருக்கும். அதன் இடத்தில் புதிய கிழங்கு இரண்டு கைகளோடு உருவாகியிருக்கும். பல்லாண்டுச் செடி என்கிறோம். உண்மையில் ஆண்டுதோறும் தன்னையே புதிதாக வார்த்துக்கொள்ளும் செடி. கொடி முழுதும் காய்ந்து, இழுத்தால் தானாகக் கழன்று வரும்போது எடுத்துவிடலாம்.

இனி நிலத்தில் ஒன்றும் தெரியாது. இங்கேதான் ஆபத்து. சும்மா கிடக்கும் இடம் என்று யாராவது வெண்டை விதைப்பார்கள், மண்வெட்டி போடுவார்கள், பக்கத்துக் கத்தரிக்கு விடும் நீர் இங்கே பாயும். நான்கு செங்கல்லை வைத்து எல்லை போடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தொட்டி என்றால் தூக்கித் தாழ்வாரத்தில், மழையும் குழாயும் எட்டாத மூலையில் வைத்து, மறந்துவிடுங்கள். கோடைமழை ஒன்றிரண்டு விழுந்தால் நல்ல வடிகால் உள்ள நிலத்தில் கெடுதல் இல்லை. நீர் தேங்கும் இடம் என்றால் மாசி பங்குனியில் தோண்டி எடுத்துவிடுவதே நல்லது.

தோண்டும்போது இரும்பு ஆயுதம் தொடக்கத்தில் மட்டும். தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்ணைத் தளர்த்திவிட்டு, அங்கிருந்து கையாலேயே உள்நோக்கி வாருங்கள். கிழங்கின் கைகள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் நீண்டிருக்கும் என்பதை மேலிருந்து கணிக்க முடியாது. எடுத்ததைக் கழுவ வேண்டாம். மண்ணை உதறி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, காய்ந்த மணலில் ஒன்றோடொன்று படாமல் புதைத்து, காற்றோட்டமான மண்சட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகும். மாதம் ஒருமுறை பார்த்து, பூசணம் பிடித்ததை நீக்குங்கள். ஆனியில் நுனி லேசாகப் பருத்து வெளுத்துத் தெரியும். எழுந்துவிட்டது, மண்ணைத் தயார் செய்யலாம்.

நன்றாக வளர்ந்த கிழங்கை இப்படி எடுத்து இரண்டு கைகளையும் பிரித்து நட்டால் ஒன்று இரண்டாகும், அடுத்த ஆண்டு இரண்டு நான்காகும். மூன்றாம் ஆண்டில் என்னிடம் இடம் போதாமல் அக்கம்பக்கத்தில் கொடுக்கத் தொடங்கினேன். கொடுக்கும்போது ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 'நஞ்சு, தின்னக் கூடாது' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி, நுனி எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் போட்டுக் கொடுக்கிறேன்.